தொண்ணூறு

அன்று திரையில் என் ஆள்காட்டி விரல் உறைந்துபோனது.
கிள்ளான் மருத்துவமனையில் காது கேளாத ஒரு பெண்,
எதிரே டாக்டர்,
நடுவில் மடிக்கணினிக்குள் நான், சைகை மொழிபெயர்ப்பாளர்.
ஒன்று என்று காட்டிய விரல் அப்படியே நிற்க
ஒரு மாத்திரையா, ஒரு வேளையா, ஒரு மாதமா
என்று அவள் கண்கள் என்னைத் துழாவின.
எனக்கு அவள் அசைந்தாள்.
அவளுக்கு நான் ஜவுளிக்கடைப் பொம்மை.

அடுத்த அறையில் ருபன்
நேற்றைய பூப்பந்து ஆட்டத்தை மேலேற்றிக்கொண்டிருந்தான்,
நாலு கேமரா, நாற்பது நிமிடம்.
மேலேறும் பாதை அவ்வளவு குறுகல் என்று
எங்கள் செந்தூல் வீட்டில் அதுவரை எவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை லோ யாட்டுக்குப் போனேன்.
மல்லாந்து கிடக்கும் நண்டுபோல் ஒன்றை
எடுத்துவைத்தான் கடைப் பையன்.
எட்டுக் கொம்பு, சிவப்பு விளக்கு.
"அக்கா, இது பறக்கும்."
பறக்கவேண்டாம் தம்பி,
காலை ஏழரைக்கு ஜாலான் ஈப்போவில் எவன் பறக்கிறான்?
நெரிசல் வந்தால் இது யாருக்கு வழிவிடும்?
ஆம்புலன்ஸ் எது, உருளைக்கிழங்கு லாரி எது
என்று இதற்குத் தெரியுமா?
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அதில் கொம்புகளின் எண்ணிக்கைதான் இருந்தது.

பழுதுபார்க்கும் மேசையில் மீ சாப்பிட்டுக்கொண்டிருந்த சுவீ யின்
தலை நிமிராமல் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினாள்.
"அதை எடு. ஆனால்
நூறு வாங்கினால் நூறையும் திறந்துவிடாதே,
தொண்ணூறு என்று சொல்லிவை.
முழுக்கத் திறந்தால் வரிசை வெளியே போய்
கம்பெனிக்காரன் பெட்டிக்குள் தேங்கும்,
அங்கே உன் சொல் எடுபடாது.
பத்தை விட்டால் வரிசை உன் வீட்டுக்குள் நிற்கும்.
யார் முன்னே யார் பின்னே, நீ வைத்ததுதான்."
நூற்று எழுபத்தொன்பது ரிங்கிட். பேரம் படியவில்லை.

இரவு பட்டியலைத் திறந்தேன்.
முதலில் என் மடிக்கணினி. 'கைகள்' என்று பெயர் வைத்தேன்.
அடுத்து தேன்முகிலின் டியூஷன்.
அதற்குப் பிறகு விரல் தயங்கியது.
பந்தியில் யாரை முதலில் உட்காரவைப்பது என்று
கல்யாண வீடுகளில் படாத பாடு பட்டிருக்கிறேன்.
அங்கேகூட எண் போட்டு எழுதித் தரச் சொன்னதில்லை யாரும்.
யோகநாதனின் கால்பந்து அடியில் போனது.
பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
"துணி துவைக்கும் மிஷினுக்கும் கீழேயா?"
அவ்வளவுதான் கேட்டார்.

ஆறாவதாக ஒன்று. பெயரில்லை.
யாருடா இது?
"கார்டு அங்கிள், லோக் பகதூர்.
பத்தரைக்கு பொக்ராவுக்குப் பேசுவார்.
நான்தான் பாஸ்வர்ட் கொடுத்தேன்.
நம் ஜன்னலுக்கு நேர் கீழேதான் சிக்னல் கிடைக்கிறதாம்."

ஐந்து மாதமாக
பத்தரை ஆனால் அந்த ஜன்னல் திரையை
இழுத்து மூடிக்கொண்டிருந்தவள் நான்.
மேலே பார்க்கிறான் என்று
நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம்
இன்னும் அனுப்பாமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

'நீக்கு' என்ற பொத்தான் பக்கத்திலேயே இருந்தது.
ஒரு குரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?
மூன்றாவதாகப் போட்டேன். பெயர்: பத்தரை.
ருபனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவன் ஐந்தாவது.

வியாழன் இரவு சிரம்பானிலிருந்து ஒரு அழைப்பு.
என் விரல் எழுந்தது, மடங்கியது,
அடுத்த சைகைக்குப் போனது.
அந்தப் பெரியவர் தலையாட்டினார்.
உள்ளறையில் ருபன் யாரையோ திட்டினான், என்னையாக இருக்கலாம்.
திறந்த ஜன்னலுக்குக் கீழே
எனக்குத் தெரியாத மொழியில் ஒருவர் சிரித்தார்.

அந்தப் பத்து மட்டும் சும்மா கிடக்கிறது.
அதற்கும் சேர்த்துத்தான்
மாதாமாதம் கட்டுகிறேன்.